சூளைக் கதவைத் திறந்தவள்

தட்டில் கிடந்த சிவப்புக் கண்ணாடி மணி டிக் என்றது. பல்லி கத்துவதைவிடச் சிறிய சத்தம். யாரும் தொடவில்லை. மணி இரண்டாகக் கிடந்தது.

அவள் உடனே தங்கைக்குப் போன் அடித்தாள்.

பகலில் தையல் கடையில் காஜா எடுப்பவள். மிச்ச நேரமெல்லாம் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில், பர்னர் முன்னால். கண்ணாடிக் குச்சியைத் தீயில் இளக்கி, மெல்லிய கம்பியின்மேல் சுற்றிச் சுற்றி மணியாக்குவாள். கணவன் அவளைத் தீப்பெட்டி என்றுதான் கூப்பிடுவான். வீட்டில் சோறு பொங்கியதோ இல்லையோ, கண்ணாடி பொங்கிவிடும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். தெருவில் பாதிப் பேர் கழுத்தில் அவள் மணிதான்.

சூட்டில் இருக்கும்போது சிவப்புக் கண்ணாடி தன் நிறத்தைக் காட்டாது, கரியாகத் தெரியும். சின்னச் சூளைக்குள் மெல்ல மெல்ல ஆறினால்தான் நிறமும் வரும், உறுதியும் வரும். அதுவரை பொறுக்க அவளால் ஒருநாளும் ஆனதில்லை. இந்தச் சிவப்பு மணிகளைச் செய்த அன்றைக்கும் கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தாள். கருப்புக்குள்ளிருந்து சிவப்பு எழுந்து வந்துகொண்டிருந்தது. தனியாக நின்று சிரித்தாள். குளிர்காற்று உள்ளே போனதைப் பற்றி நினைக்கவில்லை. அது பட்ட மணி, நாள் கழித்துக்கூடத் தானாக வெடிக்கும்.

அந்த மணிகளைத்தான் கோத்துத் தங்கைக்குக் கொடுத்திருந்தாள். மிஞ்சியவைதான் தட்டில். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, இடுப்பில் ஏறினால் உன் மாலைதான் வாயில் என்று தங்கை போனில் சொல்லிச் சிரித்திருந்தாள்.

இப்போது தங்கை போனை எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. தங்கை வீட்டுக்குக் கிளம்பியவள், பர்னரை அணைத்தோமா என்று தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பார்த்தாள். அணைத்துத்தான் இருந்தது. பஸ்ஸில் யாரோ சில்லறையைக் குலுக்கியதற்கே உடம்பு தூக்கிப் போட்டது.

தங்கை ஈரக்கையோடு கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. வாய் நிறைய மாலை.

பிடுங்கினால் கடிக்கும். கடித்தால் உடையும். அவள் குனிந்து, முகத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டு, தன் வாயை அகலத் திறந்தாள். “ஆ காட்டு கண்ணு. பெரியம்மா பாரு, ஆ...”

குழந்தை வாயை இன்னும் இறுக்கிக்கொண்டு பார்த்தது. பிறகு விளையாட்டு பிடிபட்டு, அதுவும் ஆ என்றது. எச்சிலோடு மாலை நழுவி விழுந்தது. அவள் தங்கையின் கழுத்திலிருந்து முடிச்சை அவிழ்த்து, மாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“என்னக்கா, குடுத்ததத் திருப்பி வாங்கவா பஸ் ஏறி வந்தே?”

“சரியா ஆறலடி இது. நடுவுல திறந்து பார்த்துட்டேன்.”

“பார்த்தா என்ன, உன் கண்ணு பட்டுடுச்சா? குடு இங்க.”

தங்கை கையை நீட்டினாள். குழந்தையும் நீட்டியது. அப்போது பொத்திய கைக்குள் டிக் என்று ஒன்று உடைந்தது. விரல்களைப் பிரித்தாள். பாதி மணி நூலில் தொங்கியது, விளிம்பு பிளேடுபோல. மறுபாதி உள்ளங்கையில்.

தங்கையின் சிரிப்பு நின்றது. குழந்தையின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினாள். ஈறு, நாக்கு, கன்னம். ஒன்றுமில்லை. குழந்தை வீறிட்டு அழுதது.

“இந்த ஒரு தடவதானே திறந்தே?”

அவள் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்தபோது அவள் கொண்டுவந்த நீல மணிகள் அதன் மேலே ஆடிக்கொண்டிருந்தன.