கேட்டுட்டுப் போட்டீங்களா, மிஸ்?

பிள்ளைகளுக்கு ஏஐ சொல்லிக்கொடுக்கும் வேலையில் ஒரு வசதி, நமக்கு எவ்வளவு தெரியாது என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

பிள்ளைகள் கையிலிருந்து போனைப் பிடுங்கியே ஓய்ந்துபோனவர்களே, இது உங்களுக்குத்தான். திண்டிவனத்தில் சமையல், சீரியல் என்று இருந்த என்னை, "உங்களுக்குத்தான் கான்வென்ட் இங்கிலீஷ் வருமே" என்று குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் விழுப்புரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் சனிக்கிழமை காலைகளில் சங்கத்து மாடி, பதினான்கு பிள்ளைகள், பலகையில் மூன்று விதிகள். அது சொல்வதைச் சரிபார். வீட்டு விஷயத்தை அதனிடம் கொட்டாதே. அடுத்தவர் படத்தை அவரைக் கேட்காமல் அதில் போடாதே. மீறினால் அந்த விதியைக் கையால் பத்து தடவை எழுத வேண்டும். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்குச் செய்ததை நான் யாருக்காவது திருப்பிச் செய்ய வேண்டாமா?

மேம்பாலத்துக்கு அந்தாண்ட

ஏழாவது படிக்கும் தினேஷ், 'எங்கள் ஊர்' கட்டுரையை ஏஐயிடம் எழுதி வாங்கி வந்தான். அதன்படி திண்டிவனத்தில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. மாலையானால் ஜனங்கள் அலையில் கால் நனைக்கிறார்கள். நமக்குக் கடல் வேண்டுமென்றால் மரக்காணத்துக்கு பஸ் ஏற வேண்டும்.

"பொறந்ததுலேர்ந்து இங்கதான இருக்கே? என்னிக்காவது கால் நனைச்சியாடா?" என்று கத்தினேன். அவன் பதறவே இல்லை.

"நான் மேம்பாலத்துக்கு அந்தாண்ட அவ்ளோவா போனதில்ல மிஸ். அங்க இருக்கும்னு நெனச்சேன்."

என் கைவரிசை

வகுப்பு தொடங்கி மூன்று மாதம் ஆன சந்தோஷத்தில், எல்லோரும் சேர்ந்து எடுத்த குரூப் போட்டோவை ஒரு ஆப்பில் கொடுத்தேன். பதினான்கு பிள்ளைகளும் நானும் பெரிய பெரிய கண்களோடு கார்ட்டூனாக வந்தோம். உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். 'சூப்பர் மேடம்' வந்து குவிந்தது. என் கணவர் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"பசங்க எல்லாம் சிரிக்குது. நீ அதுலயும் மொறைச்சிக்கினேதான் நிக்கிற."

கவிப்பிரியா கொட்டியது

கவிப்பிரியா எட்டாவது. வாயைத் திறக்காத பெண். ஒருநாள் வகுப்பு முடிந்தும் போகாமல் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே நின்றாள். அடுத்த வாரம் அவளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. அவள் போட்டோவை ஏஐயில் கொடுத்து, கிரீடம் வைத்த மகாராணியாக்கி, சாலைகள் சேரும் கூட்ரோட்டில் ஆளுயர பேனர் வைக்கப்போகிறார் அப்பா. பள்ளிக்கூட பஸ் அந்த வழியாகத்தான் போகும். "பசங்க அதை போன்ல எடுத்து இன்னா வேணா பண்ணுவானுங்க மிஸ். போன வருஷம் வேற ஒரு பொண்ணுக்கு அப்படித்தான் பண்ணானுங்க. அந்தக்கா ஸ்கூலுக்கே வர்றதில்ல."

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. போனில் ஏஐயிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது விதி நினைவுக்கு வந்து எனக்குச் சுருக்கென்றது. "வீட்டு விஷயத்தை அதுகிட்ட சொல்லாதேன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? சரி, அது என்ன சொல்லிச்சு?" என்றேன்.

"பெரியவங்க யார்கிட்டயாவது சொல்லுன்னுச்சு மிஸ். எனக்குத் தெரிஞ்சவங்கள்ல நீங்கதான் நல்லா கத்துவீங்க."

கத்தப் போனேன்

அவள் அப்பா முருகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மார்க்கெட் ஓரம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்தேன். பெண் பிள்ளையின் முகம், இந்தக் காலத்துப் பையன்கள், ஆப்பில் போன படம் திரும்பி வராது, எல்லாவற்றுக்கும் மேலாக, அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா? பயிற்சியில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். மூட்டை இறக்குகிறவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

முருகன் துண்டால் முகத்தைத் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சொல்றது நாயந்தாங்க மேடம். போன வாரம் உங்க ஸ்டேட்டஸ்ல எம் பொண்ணு பொம்மையா இருந்துச்சே, அதை மட்டும் யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

பத்து தடவை

அந்த வெயிலில் வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று கேட்காதீர்கள். அடுத்த சனிக்கிழமை, விழாவுக்கு முந்தின நாள், முருகன் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மாடிப்படியிலேயே நின்றார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்க வந்திருக்கிறார்.

செய்தேன். அந்தப் படத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டி, உங்களைக் கேட்காமல் இதைச் செய்தேன், தப்பு, போனிலிருந்து அழித்துவிடுகிறேன், ஆனால் ஆப்புக்குப் போனதை என்னால் திரும்ப வாங்க முடியாது என்றேன். நாற்பத்தெட்டு வயதில் பதினான்கு பிள்ளைகள் முன்னால் காது சூடாகிறது. மன்னித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தினேஷ் எழுந்து தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் மேசையில் வைத்தான்.

"பத்து தடவை எழுதுங்க மிஸ். ஏஐல எழுதக்கூடாது, கையாலதான் எழுதணும்."

பேனர்

ஏழாவது தடவை எழுதும்போது நிமிர்ந்து பார்த்தேன். முருகன் மகளைப் படிக்கட்டுக்கு அழைத்து, குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முதலில் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு பேசினாள். நிறையப் பேசினாள்.

மறுநாள் கூட்ரோட்டில் பேனர் இருக்கத்தான் செய்தது. நடுவில் ரோஜாப்பூ வளையத்துக்குள் கவிப்பிரியாவின் பெயர் மட்டும். சுற்றிலும் தாய்மாமன்கள் ஒன்பது பேர், கூலிங்கிளாஸோடு, ஏஐ புண்ணியத்தில் ஆளுக்குப் பத்து வயது குறைந்து, பின்னால் ஒரு சிங்கம் வேறு. மண்டபத்தில் பட்டுப்பாவாடையில் உட்கார்ந்திருந்தவளிடம் திருநீறு பூசுகிற சாக்கில் குனிந்து, "திருப்தியாடி?" என்று கேட்டேன். அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"எங்க மாமாங்களை யாரும் கேக்கல மிஸ். ஆனா காலைலேர்ந்து அங்கதான் நின்னு செல்ஃபி எடுத்துக்கினு இருக்காங்க."

இப்போதெல்லாம் சாம்பாரைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும்போதுகூட யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு நிமிடம் கை நின்றுவிடுகிறது. சம்பளமில்லாத இந்த வேலையில் இதுவரை பாஸானது நான் ஒருத்திதான், அதுவும் இரண்டாவது அட்டெம்ப்டில்.