வெள்ளைக் கோடும் ஜோதி மேரியின் செடிகளும்

ஜோதி மேரி மீன் விற்கிறவள். கடலூர் முதுநகரில் எங்கள் தெருக்கோடியில் குப்பை மேடாகக் கிடந்த பொது நிலத்தை நான்கு வருடமாகத் திருத்தினாள். கெடில ஆற்றங்கரையிலிருந்து நொச்சியும் ஆவாரையும் கொண்டுவந்து நட்டாள். பூவரசங்கொம்பு வெட்டி ஊன்றினாள். மீன் கழுவின தண்ணீரைத்தான் ஊற்றினாள். நாறுது என்று முதலில் சண்டைக்குப் போனவன் நான். பிறகு என் டெம்போவில் குடம் ஏற்றி வந்தவனும் நான்தான்.

போன ஜூனில் சேதி வந்தது. அதிகாரி பார்க்க வருகிறார். பூங்கா என்று ஒப்புக்கொண்டால் நிலம் பிழைக்கும். வெறும் புதர் என்றால் வண்டி நிறுத்துமிடம். அந்த வெயிலில் செடிகளும் புதர் மாதிரிதான் இருந்தன. இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகாரி வருகிற நாள் காலை எட்டு மணிக்குத் துப்புரவு மேஸ்திரி அய்யனார் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்துவிட்டான். அதிகாரி நடக்கிற பாதையில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டாக வேண்டும். இங்கே அதுதான் மரியாதை.

"அண்ணே, அது மேல பட்டா செடியெல்லாம் கருகிடும்ணே!" என்று ஜோதி மேரி குறுக்கே வந்தாள்.

"கோடு இல்லன்னா என் வேல கருகிடும். தள்ளும்மா."

நான் மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஓடிப்போய்க் கோலத்துக்கு வைத்திருந்த அரிசி மாவை டப்பாவோடு தூக்கி வந்தாள்.

"இதுவும் வெள்ளதானண்ணே?"

அய்யனார் என்னைப் பார்த்தான். "என் மூஞ்சில என்னடா இருக்கு? போடு" என்றேன். மூன்று பேரும் குனிந்து போட்டு முடித்தோம்.

பத்தரைக்கு அதிகாரி வந்தார். அதற்குள் கோடு முழுக்க எறும்பு. ஒன்று அவர் செருப்புக்குள் ஏறிக் கடித்தது. குனிந்து பார்த்தார்.

"பிளீச்சிங் பவுடர எறும்பு திங்குதா?"

அய்யனாருக்கு வியர்த்துவிட்டது. ஜோதி மேரிதான் முன்னால் வந்தாள்.

"அரிசி மாவு சார். நான்தான் போடச் சொன்னேன். அந்தத் தூளு வேருக்கு ஆவாது. அவரத் திட்டாதீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஓர் ஆவாரையைத் தொட்டார். "இது தானா மொளச்சதா?"

"நட்டது சார். மழ பேஞ்சா மஞ்சளாப் பூக்கும்."

"நவம்பர் கடைசில வரேன். அப்பவும் இப்படியே இருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

ஜீப் போனதும் அய்யனார் நெற்றியைத் துடைத்தான். "மீனுதான் விக்கிறன்னு பாத்தேன். அதிகாரியையே வித்துடுவ போலிருக்கே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏண்ணே, இந்த வருஷம் ஒழுங்கா பேயுமா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? பேயும் என்றேன்.

இப்போது நவம்பர் பிறந்துவிட்டது. இரண்டே மழை. நொச்சி தழைத்திருக்கிறது. ஆவாரை மொட்டுக் கட்டியிருக்கிறது, விரியவில்லை. அவள் கூடையோடு போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை நின்று பார்க்கிறாள். அவள் போனபிறகு நானும் போய்ப் பார்க்கிறேன்.