பூஜையில் இருந்த பாஸ்வேர்டு

அப்பா கார்ப்பரேஷனில் சாக்கடை அள்ளும் வேலை பார்த்தார். வேலையில் இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். வாரிசுக்கு வேலை உண்டு, ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு காகிதம் வந்தது. அம்மா அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு தினமும் நச்சரிப்பாள். “சர்க்கார் வேலைடீ. பென்ஷன் உண்டு. வேண்டாம்னு பறயாதே.”

நான் அசையவில்லை. எனக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. என்னுடையதல்ல, ஆனால் அதன் முன்னால் நான்தான் உட்கார்ந்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பித்தளை விளக்கும் பூஜைச் சாமானும் விற்கும் கடை அது. முதலாளியின் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து வந்தது. ஊர் கூப்பிடுகிறபடி நானும் அவரை சாமி என்றே கூப்பிட்டேன். பிராட்பேண்டு வந்த புதிது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இணையத்தில் விளக்கு விற்கலாம் என்று அவருடைய அக்கா மகன், பெங்களூர் இன்ஜினியர், கிளப்பிவிட்டிருந்தான். வெளியே சர்வர் வாடகைக்கு எடுக்க சாமிக்கு மனமில்லை. “நம்ம சரக்கை இன்னொருத்தன் ஆத்துல எதுக்கு வைக்கணும்?” என்பார். அதனால் கடையின் பின்பக்க மேஜையில் இருந்த ஒரே கம்ப்யூட்டர்தான் எங்கள் இணையக் கடை முழுவதும். விளக்குப் படங்களும் அதில்தான், ஆர்டர்கள் சேரும் டேட்டாபேஸும் அதில்தான். சுள்ளிக்கல்லில் ஒன்பது மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்த நான் அதைப் பார்த்துக்கொண்டேன். தீபாவளி கழிந்ததும் வேலையை நிரந்தரமாக்குவதாக சாமி சொல்லியிருந்தார். அம்மாவின் காகிதத்தில் இருந்த கெடுவுக்கு அப்போது மூன்று வாரம்தான் பாக்கி.

அந்த வருஷம் நவராத்திரி அஷ்டமியன்று இன்ஜினியர் விடுமுறையில் வந்திருந்தான். பாதுகாப்பு போதாது என்று சொல்லி டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றினான். புதியதை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு மாலை ரயில் ஏறினான். கடையின் இணையப் பக்கங்களும் அதே பாஸ்வேர்டைக் கொண்டுதான் டேட்டாபேஸுக்குள் போகின்றன, அங்கேயும் மாற்ற வேண்டும் என்பது அந்தப் படிப்பாளிக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை, கேரள வழக்கப்படி, பூஜை வைத்தார்கள்; வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுப்பார்கள். கடைக் கணக்குப் புத்தகம், தராசு, இவற்றோடு என் நோட்டும் போனது. கம்ப்யூட்டரையும் வைக்க வேண்டியதுதான். ஆனால் தீபாவளி ஆர்டர் வரும் நேரம், அணைக்க முடியாது. அதற்குப் பதிலாக மவுஸைக் கழற்றிச் சந்தனம் வைத்துக் கொண்டுபோனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கையெழுத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருக்கிறது என்று பெருமையாகவும் இருந்தது. அந்தப் பூஜை அறைக்குள் நான் போனதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதுமில்லை, சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நவமி காலையில் கடைப் பக்கத்தைத் திறந்தால் விளக்குகளைக் காணோம். வெள்ளைத் திரையில் ஒரே வரி: இந்தப் பயனருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பழைய பாஸ்வேர்டை மூன்று முறை அடித்துப் பார்த்த பிறகுதான் முந்தின நாள் நடந்தது உறைத்தது. இன்ஜினியரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

“சாமி, நோட்டோட கடைசிப் பக்கத்தைப் பார்த்து நீங்களே வாசிச்சுச் சொன்னாப் போதும்.”

“பூஜை வெச்சதை எடுக்கப்படாது. நாளைக்குக் காலம்பறதான்.” கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார். “அதுவரைக்கும் கடையைச் சாத்தி வெச்சா வரவா எல்லாம் வேற கடைக்குப் போயிடுவாளே. ஏதாவது பண்ணு.”

நோட்டைத் தொட்டால் தோஷம், நான் நவமியில் வேலை செய்தால் தோஷமில்லை. சரி என்று உட்கார்ந்தேன். டேட்டாபேஸை நிறுத்தி, பாஸ்வேர்டு கேட்காமலே திறக்கும்படி கட்டளை கொடுத்துத் திரும்பக் கிளப்பினேன். உள்ளே போய்ப் புதிய பாஸ்வேர்டு வைத்தேன். கடைப் பக்கங்களிலும் அதையே எழுதினேன். பிறகு அந்தக் கட்டளையை எடுத்துவிட்டு ஒழுங்கான முறையில் கிளப்பினேன். மவுஸ் இல்லாமல், வெறும் கீபோர்டில், ஒன்றரை மணி நேரம். விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. கூடவே இரண்டு ஆர்டரும் வந்தன.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சந்தோஷத்தில் எழுந்து நின்று, “பாஸ்வேர்டே இல்லாம உள்ள போயிட்டேன் சாமி!” என்றேன்.

அவர் முகம் மாறியதை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

“அப்போ யார் வேணும்னாலும் உள்ள போலாமா?”

“இந்த மெஷின் முன்னால உட்கார்றவங்களால மட்டும்தான் முடியும் சாமி.”

அவருக்கு தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முன்பக்கம் போய்விட்டார்.

விஜயதசமி காலையில் பூஜை பிரித்து நோட்டை என் மேஜையில் வைத்தார். புதிய பாஸ்வேர்டை எழுதச் சொன்னார், எழுதினேன். எழுதி முடித்ததும் நோட்டை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“இனிமே மருமானே பெங்களூர்லேர்ந்து பாத்துப்பான். உனக்குத்தான் அப்பா வேலை காத்துண்டிருக்கே. சர்க்கார் வேலையை யாராவது விடுவாளோ?”

கோபித்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஏதோ என் நல்லதுக்குச் சொல்வதுபோல் சொன்னார். அந்த வேலையை நான் யாரை நம்பி உதறினேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தோப்பும்படியில் எங்கள் வீடு வரை அழுதுகொண்டே நடந்தேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது அம்மா என் தலையைத் தடவினாள். அவள் கையைத் தட்டிவிட்டேன்.

வேறு எந்தத் தெருவும் இல்லாததுபோல, ஆறு மாதத்தில் என்னை அந்தக் கடைத்தெருவுக்கே பெருக்கப் போட்டார்கள். சாமி என்னைப் பார்ப்பார், நான் குப்பையைப் பார்ப்பேன். ஒரு வருஷம் அப்படியே போனது.

ஒரு நாள் காலை கடைப் படியில் நின்று கைதட்டிக் கூப்பிட்டார். கையில் என் பழைய நோட்டு. அதே பிழை மறுபடி வந்துவிட்டதாம். இன்ஜினியர் போன மாதம் எதையோ மாற்றினானாம், இப்போது ஊரிலேயே இல்லையாம்.

“அன்னிக்குப் பாஸ்வேர்டு இல்லாம உள்ள போனயே, அது எப்படின்னு சொல்லு. எழுதிக்கறேன்.”

உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் தெருவில், விளக்குமாற்றோடு. அவர் படிமேல், பேனாவோடு. எதைத் திருட்டுத்தனம் என்று நினைத்து என்னை வெளியே அனுப்பினாரோ, அதையே வரி வரியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மறந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கே இடைவெளி விட வேண்டும், எங்கே புள்ளி வைக்க வேண்டும் என்பதுவரை நிதானமாகச் சொன்னேன். கடைசியில் அந்தக் கட்டளையை மறக்காமல் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கதவு திறந்தே கிடக்கும் என்று எச்சரிக்கையும் செய்தேன்.

பயந்து சொல்லவில்லை. அவர் என்னிடம் கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.