மூன்றாம் வாசிப்பு

எங்கள் ஊருக்கு நான்தான் ஊர்க்கவுண்டர். பிழைப்புக்குப் புதுச்சத்திரம் பக்கம் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை. லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து, "கோழிப்பண்ணை திறக்கோணுங்க, நீங்க வந்து ரிப்பன் வெட்டோணுங்க" என்பார்கள். கையைக் கழுவிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி, தலையில் உருமால் சுற்றிக்கொண்டு கிளம்புவேன். கல்யாணத்தில் முதல் நாற்காலி, சாவில் முதல் மாலை, மாரியம்மன் நோம்பியில் முதல் திருநீறு எல்லாம் எனக்குத்தான். அதிகாரம் மட்டும் துளிகூடக் கிடையாது.

ஒருநாள் டிவியில் ஏதோ ஒரு நாட்டு ராஜா கிரீடத்தோடு உட்கார்ந்து, மந்திரிகள் எழுதிக் கொடுத்ததை வரி பிசகாமல் வாசித்தார். "அப்படியே உங்களாட்டமிருக்குதுங்க" என்று என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நோம்பிக்கு முந்திய ஊர்க்கூட்டத்தில் கோயில் கமிட்டிதான் பேசி முடிவெடுக்கும். ஊர்க்கவுண்டர் வாய் திறக்கக் கூடாது. முடிவை எழுதி, மடித்து, வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். அதை நான் எழுந்து நின்று மூன்று தரம் வாசிக்க வேண்டும். மூன்றாவது தரம் வாசித்தால்தான் அது ஊர்ச் சொல். என் அப்பா ஒருமுறை இரண்டோடு நிறுத்திக் காகிதத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார். கமிட்டி முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கூடிப் பேசியது. வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

இந்த வருஷம் கூட்டத்துக்கு முதல் நாள் என் தங்கை கடைக்கே வந்துவிட்டாள். உள்ளூரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகள் சேலத்தில் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

"எங்க ஊட்டு மாவிளக்கை நிறுத்தப் போறாங்களாமாண்ணா. நீ மூணாந்தரம் படிக்காம இருந்தாப் போதும்."

"படிக்க மாட்டேன் சாமி, நீ போ" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

கூட்டத்தில் தட்டு வந்தது. கம்பம் நடும் நாள், தீர்த்தக்குடம் எடுக்கும் நேரம், கடைசி வரியில் என் தங்கை வீடு. அந்த வீட்டு மாவிளக்கு கோயிலுக்கு வரக் கூடாது. முதல் தரம் வாசித்தேன். இரண்டாவது தரம் கடைசி வரியில் திக்கினேன். பெண்கள் பக்கம் அவள் தூணைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே கமிட்டிக்கு வேண்டப்பட்ட என் பங்காளி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். நான் நிறுத்தினால் அடுத்த வருஷம் இந்த உருமால் அவன் தலைக்குப் போய்விடும். அது இல்லாவிட்டால் நான் யார்? வெறும் பஞ்சர் கடைக்காரன். அந்த நினைப்பு வந்ததற்கு இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாவது தரமும் வாசித்தேன். திக்காமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தேன். "சபாஷ்" என்று யாரோ சொன்னார்கள். தூணருகே ஆள் இல்லை.

அதன்பிறகு அவள் வீட்டுக்குப் போகலாமென்று இரண்டு முறை வண்டியை எடுத்துப் பாதி வழியில் திரும்பிவிட்டேன். போய் என்ன சொல்வது?

மாவிளக்கு எடுக்கும் நாளன்று காலையில் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் துணி மூடிய தூக்குப்போசி. என் மனைவி ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தங்கை வாசற்படி ஏறவில்லை.

"முடிவு தெரியறதுக்கு முன்னாலயே எடுத்து வெச்ச அரிசியில இடிச்ச மாவுங்க. சாமிக்குன்னு எடுத்து வெச்சதை வேற எதுக்கும் எடுக்க மனசு வல்லைங்க. உங்க மாவோட சேத்துக்குங்க."

"உள்ள வா சாமி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

போசியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஊரார் எனக்குக் கும்பிடு போடுகிற மாதிரியே இரண்டு கையையும் குவித்தாள்.

"வாரனுங்க, கவுண்டருங்களே."