பத்துக்கு எட்டில் ஒரு வெப்சைட்

யாரும் கேட்டு வராத பொருளை, அவசரமாக பஸ்ஸுக்குப் போகிறவரை நிறுத்தி, அவருக்கு விளங்காத பாஷையில் விற்பதுதான் சொந்த வெப்சைட் வைத்துக்கொடுக்கும் தொழில். கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு முறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் ஒரு கல்யாண வீட்டில்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாமல் போனவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என் கஷ்டம் சிரிப்பாக இருக்கும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜப்பார் பாயின் ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு மூலை மேஜைதான் என் அலுவலகம். பாய்க்கு பேனர் டிசைன் செய்து கொடுப்பேன். மிச்ச நேரத்தில் ஊருக்கு வெப்சைட். உலகத்தில் யார் யாரோ பொதுவாக எழுதி வைத்த மென்பொருளை எடுத்து, விளம்பரம் இல்லாத, நாளைக்கே ஒரு கம்பெனி பூட்டிவிட்டுப் போக முடியாத ஒரு பக்கத்தை அவரவர் பெயரிலேயே வைத்துக் கொடுப்பேன். 'உங்கள் பக்கம் உங்களுக்கே சொந்தம், நீங்களே எழுதலாம்' என்று மேஜைக்கு மேலே ஒரு போர்டும் உண்டு. இரண்டு வருஷத்தில் பன்னிரண்டு பேருக்குச் செய்து கொடுத்தேன். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட ஒரு எழுத்தை மாற்றவில்லை.

இதைப் பாய் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். லேமினேஷன் மிஷின் ஒன்று வாங்கப் போவதாகவும், அதற்கு என் மூலைதான் சரியாக இருக்கும் என்றும் ஒரு நாள் சொன்னார். சென்னையில் இருந்த வேலையை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவள் நான். மேஜை போனால் திரும்ப அதே கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துப் பாய்க்கே பாவமாகிவிட்டது போல. ஒரு தவணை கொடுத்தார். "தீபாவளி வரைக்கும் பாக்கறேம்மா. நீ செஞ்சி குடுத்ததுல ஒருத்தர், ஒரே ஒருத்தர், உன்னக் கேக்காம தானா ஒரு வரி எழுதிட்டாருன்னா மேஜ உன்னுது. இல்லன்னா மிஷினுது."

எத்தனை அடி?

ஃப்ளெக்ஸ் கடைக்குள் உட்கார்ந்து வெப்சைட் விற்றால் முதல் கேள்வி எப்போதும் அளவுதான். விதைக்கடை செல்வராசு, "பத்துக்கு எட்டு போட்டுடுங்க, தூரத்துலேர்ந்து தெரியணும்" என்று சொல்லிவிட்டு ஒரு கவரை நீட்டினார். உள்ளே உறவினர் போட்டோக்கள். விதை நெல் ரகங்களைப் பற்றி இரண்டு வரி சொல்லுங்கள் என்று கேட்டால், அதெல்லாம் கடைக்கு வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார். தாய்மாமன்கள் இரண்டு பேர். இரண்டு பேர் தலையும் ஒரே அளவில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதில் மட்டும் தவறு வந்துவிடக் கூடாது என்று மூன்று முறை சொன்னார்.

கம்ப்யூட்டரில் ஸ்கேல் வைத்து அளந்து காட்டினேன். திருப்தியாகப் போனார். மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நிற்கிறார், கூடவே இரண்டு மாமன்களில் ஒருவர், முகம் உர்ரென்று. அகலமான திரையில் அருகருகே இருக்கும் படங்கள், போனில் பார்த்தால் இடம் போதாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும். அதைத்தான் நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வோம், எந்தப் போனுக்கும் பொருந்தும் பக்கம் என்று. அந்தப் பெருமை ஒரு குடும்பத்தைப் பிரித்துவிடும் என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. போனைக் குறுக்கே திருப்பிப் பிடித்துக் காட்டினேன், மாமன்கள் மறுபடி ஒரே மட்டத்துக்கு வந்தார்கள். செல்வராசு ஒத்துக்கொள்ளவில்லை. "பெரிய மாமா மேல இருக்கறாரு, சின்ன மாமா கீழ இருக்கறாரு. போனப் படுக்கப் போட்டுப் பாருங்கன்னு ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கினு இருக்க முடியுங்களா?"

தாய்ப் பத்திரம் எங்கே?

பத்திரம் எழுதும் ஏகாம்பரம், ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். சொந்தம் என்ற வார்த்தையை என் போர்டில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர் பெயரில் வெப்சைட் முகவரி பதிவு செய்து கொடுப்பேன் என்றேன். இதற்கு முன்னால் அந்தப் பெயரை யாராவது வைத்திருந்தார்களா, அடமானத்தில் இருக்கிறதா, வில்லங்கம் பார்த்தாயிற்றா என்று வரிசையாகக் கேட்டார். யாரும் வைத்திருக்கவில்லை என்றேன். அப்படியானால் புறம்போக்கா என்றார். தாய்ப் பத்திரம் இல்லாமல் எந்தச் சொத்திலும் கை வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

நானும் விடவில்லை. அரை நாள் உட்கார்ந்து, பெயர்களை எங்கே பதிகிறார்கள், எப்படிப் பதிகிறார்கள், யார் சாட்சி என்று அவர் பாஷையிலேயே விளக்கினேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், விட்டால் பெயர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று நேர்மையாகச் சொல்லித் தொலைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என் போர்டை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "வருசா வருசம் புதுப்பிச்சா அது குத்தகைங்க மேடம். சொந்தம்னு எழுதி வெச்சி சனங்கள ஏமாத்தாதீங்க."

இருந்தாலும் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்.

லைக் எங்க இருக்குது?

பரிமளா டீச்சர் தையல் பள்ளி நடத்துகிறார். பன்னிரண்டு பேரில் எனக்கு நம்பிக்கை இவர்மேல்தான் அதிகம். நன்றாக எழுதுவார், கையெழுத்தே அச்சு மாதிரி இருக்கும். ரவிக்கை வெட்டுவதில் புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தப்புகளை அவர் சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்து ஏற்றினேன். படிக்கவே ருசியாக இருந்தது. இனிமேல் நீங்களே எழுதலாம் டீச்சர் என்று போனில் வழியும் காட்டிவிட்டு, மனசுக்குள் மேஜையைத் துடைத்துப் பூ வைத்துவிட்டேன்.

அவர் இரண்டு நாள் பக்கத்தைத் திறந்து மூடித் திறந்து பார்த்திருக்கிறார். லைக் பொத்தான் எங்கே என்று போன் செய்தார். அப்படி ஒன்று இல்லை, எண்ணிக்கைக்காக எழுதாமல் மனசுக்காக எழுதுவதுதான் இதில் விசேஷம் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுநாள் நேராகப் பாயிடம் போய் அந்தப் பக்கத்தை அப்படியே ஆறுக்கு நாலு ஃப்ளெக்ஸ் அடித்து, பள்ளிக்கூட வாசலில் கட்டிவிட்டார். மேலே முகவரி, கீழே 'மேலும் படிக்க' என்ற பொத்தான் உட்பட எல்லாம் அச்சாகியிருந்தது. போகிற வருகிற பெண்கள் நின்று படித்துவிட்டு உள்ளே போய் நல்லாருக்குது டீச்சர் என்று சொன்னார்களாம். அப்புறம் அவர் ஏன் வெப்சைட்டில் எழுதப் போகிறார்? பாய்க்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம். "நீ வெப்சைட்டு வைக்கறம்மா, ஆனா அத ஊருக்குக் காட்டறது நான்தான்."

பத்திரமாக இருக்கிறது

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பொறுமை போய்விட்டது. எல்லோருக்கும் நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருந்தேன். பாஸ்வேர்டு என்ன, எதைத் திறப்பது, எங்கே தட்டுவது, எதைத் தட்டவே கூடாது என்று தமிழில் என் கையாலேயே எழுதி, படம் போட்டுக் கொடுத்த நோட்டு. பன்னிரண்டு நோட்டு எழுதியதில் கட்டைவிரல் வீங்கியது. அது யார் யாரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று போன் போட்டு விசாரித்தேன்.

செல்வராசு கடையில் அதில் கடன் கேட்டு வருகிறவர்களின் போன் நம்பர் ஏறியிருந்தது. ஏகாம்பரம் ஊரில் இல்லை. அவர் மனைவிதான் எடுத்தார். நோட்டு வீட்டில் இருக்கிறதா என்று கேட்டதும் அந்த அம்மாளுக்கு என்மேல் வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே. "பாஸ்வேர்டு இருக்குதுன்னு நக நட்டோட சேத்து பீரோவுல வெச்சிப் பூட்டிட்டாருங்க. சாவி எங்கன்னு எனக்கே சொல்ல மாட்டாரு, ஒண்ணும் கவலப்படாதீங்க."

சுத்திக்கினே இருக்குது

அண்ணாமலை வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிறார். பஸ் வெள்ளிமலையோடு சரி. அதற்கு உள்ளே இருக்கும் ஊர்களுக்கு அவருடைய ஜீப்தான். கண்ணாடியில் ஒட்ட ஸ்டிக்கர் வாங்க வந்தவரை நான் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒரு நிஜமான கஷ்டம் இருந்தது. மழைக்காலத்தில் காலையில் நாற்பது பேர் போன் செய்து ஜீப் வருதா என்று கேட்கிறார்கள். மலை வளைவில் ஸ்டியரிங்கைப் பிடிப்பதா, போனைப் பிடிப்பதா? எடுக்காவிட்டால், சுமையும் குழந்தையுமாக நாலு மைல் நடந்து ரோட்டுக்கு வந்து காத்துக்கிடந்து திரும்பிப் போவார்கள். ஒரு முறை நிறைமாதக்காரி ஒருத்தி அப்படி வந்து நின்றுவிட்டாள் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அருவி, பனி, பலாமரம், வளைவில் திரும்பும் ஜீப் என்று படம் படமாகப் போட்டுக் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு பக்கம் செய்தேன். மேலே நாலு வளைவு போனதும் சிக்னல் நூலாகிவிடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். டிசைன் செய்கிறவளின் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அவர் வந்து, பக்கம் திறக்கவேயில்லை, சுத்திக்கினே இருக்குது என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார், அதுதான் சுருக்கென்று தைத்தது. "அருவிய நாங்க தெனமும் பாக்கறோங்க. வண்டி வருதா வரலியான்னு மட்டும் போட்டுக் குடுங்க, போதும்."

படத்தையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் எழுத்தாக, ஒரு குறுஞ்செய்தி அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தேன். 'இன்று ஜீப் உண்டு' என்று நானே ஒரு வரி எழுதி வைத்தேன். மூன்று வாரமானாலும் அந்த வரி அப்படியே இருந்தது. அவருக்கும் நோட்டு பீரோவுக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிமலை டீக்கடை

தீபாவளிக்கு மூன்று நாள். அதற்கு முந்தின ஒன்பது நாளும் வாழ்த்து பேனர் வேலை, நிமிர நேரமில்லை. பாய் டேப்பை எடுத்து மேஜையின் நீளத்தை அளந்து, அட்டையில் குறித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் ஒரு திருட்டுப் புத்தி வந்தது. நேராக மலைக்குப் போய், அண்ணாமலையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் விரலாலேயே ஒரு வரி எழுத வைத்து, அதைப் போட்டோ பிடித்துக்கொண்டு வந்து பாயிடம் காட்டிவிடுவது. தானாக எழுதியதா என்று பாய் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ் கச்சிராயபாளையம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிமலையில் இறங்கி ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனால் ஒரு ஈ காக்கை இல்லை. எப்போதும் மூட்டையும் கோழியுமாக இருபது பேர் நிற்கிற இடம். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, கூட்டம் கம்மி, முன் சீட் கிடைக்கும் என்று. ஒரு மணி நேரம் நின்றேன். அண்ணாமலைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. எதிர் டீக்கடையில் ஒதுங்கி இன்னொரு மணி நேரம். சேலை முழங்கால் வரை நனைந்து, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த ஊரில் யாருக்குமே ஜீப் வேண்டாமா, எல்லோரும் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாளிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "இன்னைக்கு வண்டி இல்லன்னு காலையிலயே போட்டுட்டாரே" என்றார் அவர். எங்கே போட்டார் என்றேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் செய்த பக்கம். அதில் நான் எழுதிய வரி இல்லை, கீழே சின்னதாக வைத்திருந்த என் பெயரும் இல்லை. அண்ணாமலை எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தன் வாய்ப்பேச்சிலேயே எழுதியிருந்தார்: 'இன்னைக்கு ஜீப் இல்ல. மூணாவது வளைவுல மரம் வுழுந்துருக்குது. ஆஸ்பத்திரி போறவங்க மட்டும் வளைவு வரைக்கும் நடந்து வாங்க, நான் அங்க வண்டியோட நிக்கறேன்.' அதற்குக் கீழே நேற்றைய வரி, முந்தாநாள் வரி. மொத்தம் எட்டு நாள், விடாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள் பதறிப்போய், ஜீப் இல்லாததற்கா ஒரு பொம்பளை இப்படி அழுவாள் என்று ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டு, புத்தியும் சொன்னார். "யாரோ கள்ளக்குறிச்சிப் பொம்பள செஞ்சி குடுத்ததாங்க இது. மலையே இதப் பாத்துட்டுத்தான் வூட்ட வுட்டுக் கெளம்புது, நீங்க இன்னா பாக்காமக் கொள்ளாம வந்து மழையில நிக்கறீங்க?"

பாய் சொன்னபடி மேஜையை எனக்கே விட்டுவிட்டார், வாங்கிய மிஷினைக் கடை வாசலில் வைத்துக்கொண்டார், ஆனாலும் நம் தொழிலில் ஒரு காரியம் உருப்பட்டுவிட்டது என்ற செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்தபிறகு கடைசியாக, தலையெல்லாம் நனைந்தபிறகுதான் நமக்கு வந்து சேர்கிறது.