பதிலுக்குக் கூவினோம்

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பெண்கள் கூவுவார்கள். பாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். நீளமாக ஓர் 'ஓ', அவ்வளவுதான். செடிக்குள் காட்டெருமை படுத்திருந்தால் சத்தம் கேட்டு எழுந்து போய்விடும். நாம் எங்கே நிற்கிறோம் என்பது பக்கத்து வரிசைக்காரிக்கும் தெரியும். ஒருத்தி கூவினால் மற்றவர்கள் பதிலுக்குக் கூவியே ஆகவேண்டும். கூவாமல் இருந்தவளை மத்தியானம் சாப்பிட உட்காரும்போது எல்லோரும் சேர்ந்து ஒரு வழி பண்ணிவிடுவார்கள். மஞ்சூரிலிருந்து கெத்தைக்கு இறங்கும் ரோட்டுக்குக் கீழே இருந்தது எங்கள் தோட்டம். அங்கே வருஷத்தில் பாதி நாள் மூட்டம்தான். பேச வருவதற்கு முன்பே எனக்குக் கூவ வந்துவிட்டது என்று அம்மா சொல்வாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகவில்லை. லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதால் அம்மா என்னையும் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போனாள். வேலைக்கு வரும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறைக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் அது. இலங்கையிலிருந்து மூட்டை முடிச்சோடு அந்தப் பெயரையும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். நாலாம் வகுப்புப் படிக்கிற பெண்ணைத் தொட்டில்களுக்கு நடுவில் படுக்கப் போட்டால் அவள் மானம் என்ன ஆவது? ஆயா பால் காய்ச்சப் போன நேரம் பார்த்து, தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வெளியே ஒன்றுமே இல்லை. கையை நீட்டினால் கை இருந்தது. அதற்கு அப்பால் எல்லாம் வெள்ளையாக முடிந்துபோயிருந்தது. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயின. காய்ச்சலில் கால் தரையில் படுவதாகவே தெரியவில்லை. பயமாகவும் இல்லை, சுகமாக இருந்தது. மேலேயும் கீழேயும் குரல்கள் கூவிக்கொண்டிருந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்த குரல்கள். அம்மாவின் குரல் கடைசியில் கொஞ்சம் ஏறி நிற்கும். மூட்டத்துக்குள் அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கொழுந்து எடுப்பவர்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் அவர்கள் குரல்களும் நகரும். ஒரே ஒரு குரல் மட்டும் நகரவில்லை. ஓடைப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து வந்த ஆண்குரல் அது. அது 'ஓ' என்றது. பெண்கள் 'ஓ' என்றார்கள். கொஞ்சம் பொறுத்து அது மறுபடி 'ஓ' என்றது. அவர்களும் மறுபடி சொன்னார்கள். மருந்தடிக்கிற ஆள் யாரோ என்று நினைத்திருப்பார்கள். நானும் என் பங்குக்கு ஒருமுறை கூவிவிட்டு, அது யார் என்று பார்க்கப் பள்ளத்தில் இறங்கினேன்.

வெள்ளை வேன் ஒன்று செடிகளுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒருவர் தேயிலைச் செடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கால் வேனுக்கு அடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை, பிறகு என் கல்யாணத்தில்கூட யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

"இத்தன நேரமும் சத்தங் குடுத்துட்டே இருந்தீங்களே, ஆராச்சும் வந்துருவாங்கன்னு இருந்தேன் கண்ணு" என்றார். மலைக்குக் கீழே இருப்பவர்கள் பேசும் கீழ்நாட்டுப் பேச்சு.

பாட்டிலைக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார். கால் மாட்டிக்கொண்டுவிட்டது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன், பெரியவர்கள் யாரையாவது கூட்டி வா என்றார். போனில் சிக்னல் இல்லையாம். நான் திரும்பும்போது நாலு செடி தள்ளிக் கிடந்த பெரிய நீலப் பையைக் காட்டி, அது முதலாளியுடையது, அதையும் மறக்காமல் சொல்லிவிடு என்றார். பாவம், பொறுப்பான மனுஷர்.

அப்பா மேலே ரோட்டோரம் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். கொழுந்து ஏற்றும் பிக்கப் வண்டியில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன். வேன் கிடப்பதைச் சொன்னேன், கால் மாட்டியிருப்பதைச் சொன்னேன், சொல்லச் சொன்னபடியே பையையும் சொன்னேன். அப்பா கையிலிருந்த குச்சியைப் போட்டுவிட்டு ஓடினார். அதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த மனிதரைக் காப்பாற்றத்தான் ஓடினார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். மாமா பாட்டை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனார்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். அப்பா தோளில் ஒரு கொழுந்துச் சாக்கு இருந்தது. கொழுந்தைத் தொடுவது பொம்பளை வேலை என்று அம்மாவுக்கு ஒரு கை உதவக்கூட மாட்டாதவர் அவர். சாக்கின் வாய்க்கு மேல் பச்சையாகக் கொழுந்து தெரிந்தது. மாமா அதை வாங்கி வண்டியில் தன் சீட்டுக்குப் பின்னால் வைத்தார்.

"அந்த அண்ணன் எங்கப்பா?" என்று கேட்டேன்.

"ஆள் கூட்டியாறோம் புள்ள. நீ போய்ப் படு" என்றார் அப்பா. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவரே என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிள்ளைக்காம்பராவில் படுக்க வைத்தார். அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மூட்டம் விலகியது மத்தியானத்துக்கு மேல்தான். பெண்கள் பள்ளத்தில் வேனைப் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். அதற்குள் அவர் இறந்துபோயிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அந்த ஆண்குரல் நின்றுவிட்டதாம். ஆள் வேலை முடித்துக் கிளம்பிவிட்டான் என்று நினைத்தார்களாம்.

அன்று சாயங்காலம் அப்பா எனக்குக் கஞ்சி ஊட்டினார். அதற்கு முன்னால் அவர் எனக்கு ஊட்டியதாக ஞாபகம் இல்லை. நான் பேச்சை எடுத்ததும், "நீ எங்கயும் போகல புள்ள. காம்பராவுலயே தூங்கிட்டுக் கெடந்த. காய்ச்சல்ல கனவு கண்டிருக்க" என்றார். அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் அந்தக் காலை கனவு மாதிரிதான் இருந்தது. மரங்கள் நடந்து வந்ததையெல்லாம் வேறு என்னவென்று சொல்வது? பாட்டிலில் தண்ணீர் குறைந்திருந்தது. அதையும் கனவிலேயே குடித்திருப்பேன் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மாமாவுக்குக் கேரளா லாட்டரி விழுந்தது. நாடுகாணி தாண்டிக் கேரளாவுக்குப் போயிருந்தபோது வாங்கிய சீட்டு என்று, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் முழுக்கச் சொன்னார். அவர் சொன்னது ஒருநாள், அதை நம்பி மற்றவர்கள் கெட்டது பலநாள். எங்கள் லைன் வீட்டு ஆம்பிளைகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று பஸ் மாறிப் போய்ச் சீட்டு வாங்க ஆரம்பித்தார்கள். சம்பள நாளில் எத்தனையோ வீட்டில் சண்டை. எங்கள் வீட்டில் மட்டும் பெரிய டிவி வந்தது, பிரிட்ஜ் வந்தது, எனக்கு வெள்ளிக் கொலுசு வந்தது. மாமா புதுச்சட்டை போட்டுக்கொண்டு பிக்கப் ஓட்டினார். பிறகு அதையும் ஓட்டுவதை விட்டுவிட்டார். அப்பாவும் மாமாவும் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்தவர்கள். இப்போது ஒருவர் வெளியே போனால், எங்கே போகிறார் என்று பார்க்க மற்றவரும் செருப்பைத் தேடினார். அம்மாவோ மூட்டத்தில் கூவுவதை நிறுத்திவிட்டாள். மற்ற பெண்கள் திட்டித் தீர்த்தார்கள். தொண்டை சரியில்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

செத்தவர் காரமடைக்காரர், மேட்டுப்பாளையத்தில் ஒரு காய்கறி வியாபாரியிடம் டிரைவர் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். கேரட்டுக்கு முன்பணம் கொடுக்கக் கொண்டுவந்த பணத்தை வழியிலேயே யாரிடமோ கைமாற்றிவிட்டார், அந்தத் திருட்டுக்குச் சாமி கொடுத்த கூலிதான் இது என்றார்கள். எங்கள் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் நின்று, இருக்கும் இருக்கும் என்று தலையாட்டியதை நான் பார்த்தேன்.

செத்தவரின் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். சின்ன வயது. லைனில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து கீழே உட்கார்ந்தார். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"பொழுதன்னிக்கும் மொதலாளி ஆளுங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க. திருட்டுப் பட்டம் கட்டிட்டாங்க. கடைசியா அவரப் பாத்தவங்க ஆராச்சும் இருந்தா ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாமுன்னு வந்தனுங்க" என்றார்.

"நாங்க பாக்கறப்பவே உசிரு இல்லீங்க" என்றார் அப்பா.

எனக்கு அந்த அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொடுப்பதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. "நான் கனவுல அந்த அண்ணனப் பாத்தேன்" என்றேன்.

அது காய்ச்சலில் உளறியது என்று அம்மா அவசரமாகக் குறுக்கே வந்தாள். அந்த அக்கா என் பக்கம் திரும்பி, "சொல்லு கண்ணு" என்றார்.

சொன்னேன். கொலுசு சத்தம் கேட்க எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் கதை சொல்வதுபோல் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கூவியதும் நாங்கள் பதிலுக்குக் கூவியதும், வேன், கால், நீலப் பை, எல்லாம்.

"தண்ணி குடிச்சாரா?"

"ரெண்டு வாய் குடிச்சாரு."

"அப்புறம்?"

"அப்பாகிட்ட சொன்னேன். அப்பா ஓடுனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அப்பா கொழுந்து தூக்கிட்டு வந்தாரு. அதோட கனவு முடிஞ்சுபோச்சு."

அந்த அக்கா டிவியைப் பார்த்தார், பிரிட்ஜைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, உள்ளங்கையை என் நெற்றியில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "காய்ச்சல் ஏதும் இல்லீங்களே" என்றார். என்னிடம் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார். டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அவர் பிறகு போலீசுக்குப் போனாரா என்று தெரியாது. போயிருந்தாலும் காய்ச்சல்காரப் பிள்ளையின் கனவை யார் எழுதிக்கொள்ளப் போகிறார்கள்?

இப்போது எனக்கே ஒரு மகள் இருக்கிறாள். கோயம்புத்தூரிலிருந்து ஊருக்கு வரும்போது பஸ் காரமடையில் நிற்கும். ஒருநாள் இறங்கிக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், இறங்கியதில்லை. அப்பாவை எனக்கு இன்னும் பிடிக்கும். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பிடிக்கும்.

அந்த அக்கா வந்துபோன அடுத்த வாரமே அப்பா என்னைக் குன்னூரில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வருஷத்தின் நடுவில் சேர்ப்பதற்காக என்னென்னவோ செலவு செய்தார். புதுப் பெட்டி, புது ஷூ, இரண்டு ஸ்வெட்டர். கேட் பக்கத்தில் குனிந்து, "இங்க யார்கிட்டயும் கனவு கினவுன்னு பேசிக்கிட்டு இருக்கக்கூடாது, படிப்பு மட்டுந்தான்" என்றார். சரி என்று தலையாட்டினேன். பரீட்சை லீவுக்குக்கூட என்னை வீட்டுக்கு அழைக்கவில்லை. மாமா வந்து ஊட்டி சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். மற்ற பிள்ளைகள் வீட்டை நினைத்து அழுதார்கள். நான் அழவில்லை. எங்கள் லைனில் எத்தனையோ பிள்ளைகள் இருக்க, என்னை மட்டும் இவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்கவைக்க அப்பாவுக்கு என் மேல் எவ்வளவு பிரியம் இருக்க வேண்டும் என்று பக்கத்துக் கட்டில்காரிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.