எதையாவது கொட்டிவிட்டுப் போ

தண்ணீர் இலையைச் சுற்றி ஓடி மேஜை விளிம்பில் சொட்டத் தொடங்குகிறது. சந்தனச்செல்வி எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"மணி ஒண்ணு முப்பத்தஞ்சு. சந்தனச்செல்வி எந்திரிச்சிட்டா. எல்லாரும் பாத்துக்கிடுங்க."

கவிழ்ந்த தம்ளரை நிமிர்த்தி வைக்கிறார். மீன்குழம்பு விட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கைகழுவப் போகிறார். கழுவி முடித்ததும் கைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்துத் தன் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்கிறார்.

ஆறுமுகநேரியில் அவருடைய அண்ணன் காசிலிங்கத்தின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இதுதான் வழக்கம். காசிலிங்கம் உப்பு வியாபாரி. அங்கே சின்ன உப்பளத்துக்காரர்களிடம் உப்பு வாங்குகிற மற்ற இரண்டு பேர் ஜீவமணியும் தங்கப்பாண்டியும். அவர்களும் அன்று அங்கேதான் சாப்பிடுவார்கள். இரண்டாம் சோறு விழும்போது யாராவது ஒருவர், "அப்ப இந்த மாசம்..." என்று ஆரம்பிப்பார். அடுத்து வரவேண்டியது, மூவரும் சேர்ந்து அளத்துக்காரர்களுக்குத் தரப்போகிற விலை. அது வாயிலிருந்து வருவதற்குள் தம்ளர் கவிழ்ந்துவிடும். ஊர் திரும்பி ஒன்றரை வருஷம் ஆகிறது. அண்ணன் வீட்டு ரசம் எப்படி இருக்கும் என்று சந்தனச்செல்விக்கு இன்னும் தெரியாது.

அறுபத்தொரு வயது. மதுரையில் சட்டம் படித்தார். மேற்படிப்புக்குப் பெல்ஜியம் போனவர் பிரஸ்ஸல்ஸில் பத்தொன்பது வருஷம், வாஷிங்டனில் எட்டு வருஷம் வக்கீலாக இருந்தார். போட்டி போடவேண்டிய கம்பெனிகள் ரகசியமாகக் கூடி ஒரே விலை வைத்தால் அது குற்றம். மாட்டிக்கொண்ட கம்பெனிகளுக்காக வாதாடுவதும், மாட்டாமல் இருக்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பதும் அவர் வேலை. பாடம் சின்னது. போட்டிக் கம்பெனிக்காரன் இருக்கிற மேஜையில் விலைப் பேச்சு வந்தால் எழுந்து போ. சும்மா போகாதே, எதையாவது கொட்டிவிட்டுப் போ. நாளைக்கு விசாரணையில் எல்லோருக்கும் நீ போனது ஞாபகம் இருக்க வேண்டும். செய்துகாட்டியே சொல்லித்தருவார். ஒன்பது நாட்டுக் கம்பளங்களில் காபி கொட்டியிருக்கிறார்.

"ஐரோப்பாவுல அபராதத்தோட விட்டுருவான். அமெரிக்காவுல ஆளையே உள்ள வச்சிருவான். அதனால அமெரிக்காக்காரன் சீக்கிரம் உண்மையச் சொல்லுவான்" என்பார்.

எங்கேயும் முதலில் வந்து ஒப்புக்கொள்கிறவனுக்குத்தான் மன்னிப்பு. இரண்டாவதாக வருகிறவனுக்குச் சலுகை மட்டும். ஒஹாயோவில் பாட்டில் மூடி செய்கிற ஒருவர், மச்சினனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வருவதற்குள் போட்டிக் கம்பெனி முந்திக்கொண்டது. முப்பத்தெட்டு நிமிஷ வித்தியாசம். பதினாலு மாதம் உள்ளே இருந்தார். சந்தனச்செல்விக்கு இன்னும் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறார்.

இப்போது தூத்துக்குடியில் பீச் ரோட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. சாயங்காலம் கணினியில் இரண்டு மணிநேரம் பழைய கட்சிக்காரர்களுக்கு யோசனை. காலையில் நடை. நடக்கும்போதும் தொழில் கூடவே வரும். போன மாதம் நாலு கடையில் மக்ரூன் இனிப்பின் விலை ஒரே நாளில் ஏறியது. நாலு கடைக்கும் போய், யார் யாருக்குச் சொன்னது என்று கேட்டார்.

"யாரு சொல்லணும்? முந்திரி வெல ஏறிட்டுக்கா" என்றார் நாலாவது கடைக்காரர். "உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, இந்த ஒரு பொட்டலத்துக்கு மட்டும் மத்த கடையோட சண்ட போட்டுக்கிட்டு விக்கேன்."

நியாயமான பதில் என்று ஒப்புக்கொண்டு அரைக் கிலோ வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகநேரி பஸ்ஸில் உட்கார்ந்தால் பாதி தீர்ந்துவிடும்.

தம்ளர் விஷயத்தில் காசிலிங்கத்துக்கு ஆரம்பத்தில் சிரிப்புதான் வந்தது. பிறகு கோபம்.

"ஏளா, நீயா உப்பு விக்கே? எங்க பேச்சு உன்ன என்ன செய்யுது? இருந்து தின்னுட்டுப் போயேன்."

"நான் விக்கல. ஆனா கேட்டா சாட்சி ஆயிருவேன்ணே. ஒருநாள் என்னக் கூப்பிட்டு, உங்க அண்ணன் என்ன சொன்னாருன்னு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். அதான் காதுல விழக்கூடாதுங்கேன்."

"அப்ப வெளியூர்க்காரன் தப்பிக்க வழி சொல்லிக் குடுப்ப. அண்ணனுக்கு மட்டும் தண்ணியக் கொட்டுவ."

"உங்களுக்கும் அதேதான சொல்லுதேன். எந்திரிங்க."

"நான் எந்திரிச்சா ரெண்டு பேரும் சேந்து என்ன ஒதுக்கிருவானுவ. மறுநாளே என் லாரி அளத்துக்குள்ள போவாது, தெரியுமா?" என்றார் காசிலிங்கம்.

அவர் சொன்னதும் பொய்யில்லை.

ஆவணி மாதத்தில் பிச்சம்மாள் சந்தனச்செல்வியைத் தேடி வந்தார். இரண்டு ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். மழை வருவதற்குள் குவித்து வைத்த உப்பு அம்பாரத்தை விற்றாக வேண்டும்.

"மூணு வீட்டுக்கும் போனேன் தாயி. மூணு வீட்லயும் ஒரே வெல சொல்லுதாவ. அது போவட்டும். மூணு பேருமே ஒருவாட்டி இருமிட்டுச் சொல்லுதாவ. இருமலையுமா பேசி வச்சிருப்பாவ?"

சந்தனச்செல்வி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, இந்த வழக்கைத் தான் எடுக்க முடியாது, ஒரு வியாபாரி தன் அண்ணன் என்று சொன்னார். மதுரையில் ஒரு வக்கீலின் நம்பரை எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே அண்ணனுக்குப் போன் செய்து, நம்பர் கொடுத்ததையும் சொல்லிவிட்டார்.

"புகார் வந்தா மொத ஆளாப் போய்ச் சொல்லுதவனுக்குத்தான் மன்னிப்பு. மச்சினன்ட்ட கேட்டுட்டு வாரேன்னு மட்டும் சொல்லாதீங்க."

காசிலிங்கம் போனை வைத்துவிட்டார். மூன்று வாரம் பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இலை போடுவதும் நிற்கவில்லை. அண்ணன் மனைவி சண்முகத்தாய்தான், "குழம்ப ஊத்தட்டுமான்னு கேக்காவ உங்க அண்ணன்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கணவரின் கேள்வியை எடுத்துச் சொல்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை, சந்தனச்செல்வியைப் பற்றி எழுத வந்திருந்த எனக்கும் இலை விழுந்தது. சீலாமீன் குழம்பு. மேஜைக்குப் புது விரிப்பு. எல்லோருக்கும் தம்ளர் வைத்த சண்முகத்தாய், நாத்தனாருக்கு மட்டும் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை மூடி திறக்காமல் வைத்தார்.

"இத எப்படிக் கொட்டுதியன்னு பாக்கேன்."

தங்கப்பாண்டிக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. சந்தனச்செல்வியும் சிரித்தார். காசிலிங்கம் மட்டும் குனிந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சீலாவுக்கு அவ்வளவு நேரம் எடுக்காது.

இரண்டாம் சோறு வந்தது. ஜீவமணி ஒருமுறை இருமினார்.

"அப்ப இந்த மாசம்..."

சந்தனச்செல்வி பாட்டிலைப் பிடித்து மூடியைத் திருகினார். விரலெல்லாம் குழம்பு. மூடி வழுக்கியது. மறுபடி திருகினார். முழங்கைக்கு அடியில் புடவைத் தலைப்பு நனைவதை உணர்ந்து குனிந்து பார்த்தார். தண்ணீர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

காசிலிங்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் தம்ளர் உருண்டு ஜீவமணியின் இலையில் போய் முட்டியிருந்தது.

"மணி ஒண்ணே முக்கால். காசிலிங்கம் எந்திரிச்சாச்சு" என்றார்.

"என்ன அண்ணாச்சி, வெளயாடுதியளா?" என்றார் ஜீவமணி.

காசிலிங்கம் கைகழுவப் போனார். சண்முகத்தாய் புது விரிப்பைப் பார்த்தார், கணவரின் முதுகைப் பார்த்தார், துடைக்கத் துணி எடுக்கவில்லை. யாரும் விலையைச் சொல்லவில்லை.

"ஒண்ணு நாப்பத்தி மூணு" என்று திருத்தினார் சந்தனச்செல்வி. பாட்டிலைக் கீழே வைத்தார். வலது கையில் குழம்பு காய்ந்திருந்ததால் இடது கையால் கைப்பையைத் துழாவி டைரியை எடுத்தார். இடது கையாலேயே, கோணல்மாணலாக, முதலில் அண்ணன் பெயரை எழுதினார். பிறகு நேரத்தை.